ஆலு டிக்கி கல்லில் உடைகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டெல்லி, லக்னோ, கான்பூர் பக்கம் தெருவோரத்தில் அகலமான இரும்புக் கல்லில் சுட்டுத் தருகிறார்களே, பூரணம் வைத்த உருளைக்கிழங்கு டிக்கி, அதை வீட்டில் செய்யும்போது ஏதாவது தப்பினால் எல்லோரும் முதலில் கல்லைத் திட்டுவார்கள், அடுத்து எண்ணெயை. இரண்டும் பெரும்பாலும் நிரபராதிகள். டிக்கி உடைவதும் ஒட்டுவதும் எண்ணெய் குடிப்பதும் அநேகமாகக் கிழங்கு வேகும்போதே முடிவாகிவிடுகிறது. கிழங்குக்குள் வேண்டியதற்கு மேல் போன தண்ணீர்தான் பின்னால் கல்லில் கோளாறாக வெளிப்படுகிறது.

காவிரிப் படுகையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் பொரித்த அப்பளம் சாப்பாடு முடிவதற்குள் நமுத்துப்போகும் ஊர்கள் இவை. டப்பாவில் இருக்கும் அரிசி மாவுகூட ஈரம் இழுத்துக் கட்டி தட்டியிருக்கும். வறண்ட காற்றுள்ள வடக்கத்தி ஊர்க்காரர் சொன்ன அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் தஞ்சாவூரில் மாவு ஒரு பிடி தளர்ந்துதான் நிற்கும்.

முதலில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு

இது 14 டிக்கிக்கு. உருளைக்கிழங்கு 1 கிலோ, ஒவ்வொன்றும் 100 கிராம் அளவில் ஒரே பருமனாக. கார்ன்ஃப்ளவர் 3 மேசைக்கரண்டி, பச்சரிசி மாவு 2 மேசைக்கரண்டி, தூள் உப்பு தலை தட்டி 2 தேக்கரண்டி. பூரணத்துக்குக் கடலைப்பருப்பு 100 கிராம், இஞ்சி ஓர் அங்குலம், பச்சை மிளகாய் 3, சீரகம் 1 தேக்கரண்டி, ஒன்றிரண்டாக இடித்த தனியா 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் இரண்டு சிட்டிகை, ஆம்சூர் (காய்ந்த மாங்காய்ப் பொடி) ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி. சுடுவதற்குக் கடலை எண்ணெயோ நெய்யோ இரண்டும் கலந்தோ 150 மில்லி.

மளிகைக் கடையில் "சோள மாவு" என்று கேட்டு வாங்காதீர்கள். வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவோ மஞ்சள் மக்காச்சோள மாவோ வந்து சேரும். இரண்டும் இங்கே உதவாது. வேண்டியது பளீரென்று வெளுத்திருக்கும் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. இரு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் கிறீச்சென்று நழுவும். "கார்ன்ஃப்ளவர்" என்றே கேளுங்கள்.

கடலைப்பருப்பை 2 மணி நேரம் ஊற வைத்து, திறந்த பாத்திரத்தில் வேக வையுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் பருப்பு முழுசாகத் தெரிய வேண்டும். இதற்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். குக்கரில் போட்டால் அநேகமாகக் குழைந்துவிடும். வடித்து, தண்ணீர் நன்றாக இறங்கியதும் மத்தால் பாதி நசுக்கி, வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெயில் சீரகம், பெருங்காயம், இஞ்சி, மிளகாய், தனியா தாளித்து, அதில் போட்டு 6, 7 நிமிடம் பிரட்டுங்கள். ஆம்சூரும் தழையும் அடுப்பை அணைத்த பிறகு. பூரணத்தைப் பிடித்துப் பார்த்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் தங்கக் கூடாது. மொத்தம் 200 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும்.

ஒரு டிக்கிக்கு மசித்த கிழங்கு மாவு 65 கிராம், பூரணம் 15 கிராம். தட்டியபின் 7 செ.மீ. அகலம், 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான கனம். இந்த அளவை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்று பார்த்தாலே சில கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

உருட்டும்போதே கையில் அப்பிக்கொள்கிறது, தட்டினால் பரவுகிறது

கிழங்கு தண்ணீர் குடித்திருக்கிறது. தோல் சீவி, துண்டு போட்டு, குக்கரில் தண்ணீர் ஊற்றி வேக வைத்ததுதான் வழக்கமான காரணம். வெட்டிய முகம் ஒவ்வொன்றும் தண்ணீரை இழுக்கும். தோல் வெடிக்கும்வரை விசில் விட்டாலும் இதே கதை.

கிழங்கைத் தோலோடு முழுசாக ஆவியில் வேக வையுங்கள். இட்லிப் பானை இதற்குப் பொருத்தம்: தட்டில் அடுக்கி மூடினால் 100 கிராம் கிழங்கு 35, 40 நிமிடத்தில் வேகும். குக்கர் என்றால் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றாத பாத்திரத்தில் கிழங்கைப் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் நடு வரை போனால் போதும்.

வெந்ததும் செய்வதுதான் முக்கியம். சூடு ஆறுமுன் தோலை உரித்து, கிழங்கை இரண்டாகப் பிளந்து, அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். சூடாக இருக்கும்போதுதான் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும். தோலோடு ஆற விட்டாலோ மூடி வைத்தாலோ அந்த ஆவி திரும்ப அதிலேயே படிந்துவிடும். மேற்பரப்பு மங்கிப் பொடி பூத்தது போல் தெரிகிறதா, அப்போது மசிக்கலாம். மழை நாளில் விசிறிக் காற்றே ஈரமாக இருக்கும். அன்றைக்கு மசித்த கிழங்கை வெறும் வாணலியில் சிறு தீயில் 3, 4 நிமிடம் பிரட்டி எடுப்பது மேல்.

மாவு ஏற்கெனவே தளர்ந்துவிட்டதா? மேலும் மேலும் கார்ன்ஃப்ளவர் கொட்டாதீர்கள். அது வேறு கோளாறில் கொண்டுபோய் விடும். மாவைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மூடாமல் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆறும்போது கிழங்கின் ஸ்டார்ச் மறுபடி இறுகும், மாவு தானாகக் கெட்டிப்படும். அப்படியும் போதாவிட்டால் வெள்ளை அவலை மிக்ஸியில் பொடித்து 2 மேசைக்கரண்டி சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். அவல் ஈரத்தை உறிஞ்சும், ருசியில் தலையிடாது. ரொட்டித் தூளும் உறிஞ்சும், ஆனால் பின்னால் எண்ணெயையும் உறிஞ்சும்.

உப்பைச் சேர்க்கும் நேரமும் இதில் சேர்த்திதான். உப்புப் போட்ட மாவு நிற்க நிற்க நீர் விடும். தட்டப் போகும் நேரத்தில் சேருங்கள். கல் உப்பு வேண்டாம்; கரையாத பரல் இருக்கும் இடத்தில் ஈரப் பொட்டு விழுந்து, டிக்கி அங்கேயே விரியும்.

ஒட்டுவது மட்டுமல்ல, பசை போல இழுக்கிறது

இது தண்ணீர்க் கோளாறு அல்ல. மிக்ஸியில் அடித்திருக்கிறீர்கள், அல்லது சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்திருக்கிறீர்கள். கிழங்கின் உயிரணுக்கள் உடைந்து ஸ்டார்ச் வெளியே கொட்டிவிட்டால் அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. அந்த மாவைக் கோதுமை மாவில் சேர்த்துச் சப்பாத்தி போட்டுவிட்டு, டிக்கிக்குப் புதிதாக வேக வையுங்கள்.

மசிக்கச் சிறந்த கருவி நம் வீட்டிலேயே இருக்கிறது: சேவை நாழி. காராசேவுத் தட்டைப் போட்டு, கிழங்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு முறை பிழிந்தால் போதும். கட்டியும் இருக்காது, பசையும் ஆகாது. நாழி இல்லாவிட்டால் பெரிய துளைத் துருவியில் துருவுங்கள். மாவுகளைச் சேர்த்தபின் விரல் நுனியால் பிசிறி ஒன்றுகூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தட்டும்போது ஓரம் வெடிக்கிறது

மாவு வறண்டிருந்தாலோ குளிர்ந்திருந்தாலோ வெடிக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாவுக்கு இருபது நிமிடம் வெளியே இருக்க அவகாசம் கொடுங்கள். வறட்சி என்றால் தண்ணீர் தெளிக்காமல் ஒரு தேக்கரண்டி நெய்யை மாவில் தடவிச் சேருங்கள். உள்ளங்கையிலும் எண்ணெய்தான், தண்ணீர் அல்ல. தட்டி முடித்ததும் டிக்கியை நிறுத்தி உருட்டி விளிம்பை விரலால் ஒரு சுற்று நீவினால் சிறு கீறல்கள் மூடிக்கொள்ளும். விட்ட கீறல் கல்லில் வாய் பிளக்கும்.

கிழங்கில் கட்டி இருந்தாலும் அந்த இடத்தில் வெடிக்கும். அதற்கு மருந்து மேலே சொன்ன நாழி.

கல்லில் ஒட்டுகிறது, திருப்பினால் பாதி அடியிலேயே நிற்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காரணம் ஒன்றல்ல, நாலைந்து உண்டு. வரிசையாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதலில் நேரம். டிக்கியைக் கல்லில் வைத்ததும் அதன் ஈர ஸ்டார்ச் இரும்போடு ஒட்டத்தான் செய்யும். அடிப்பக்கம் காய்ந்து ஓடு கட்டியபின் அதுவாக விட்டுக்கொடுக்கும். நடுத்தரத் தீயில் இதற்கு 5, 6 நிமிடம் வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் தோசைத்திருப்பியை நுழைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் பாதி அடியில் நிற்கும். கல்லின் பிடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். டிக்கி தானாக நகர்ந்தால் திருப்பலாம், நகராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம்.

அடுத்தது சூடு. எண்ணெய் காயாமல் வைத்தால் ஓடு கட்டுவதற்குள் மாவு எண்ணெயில் ஊறிக் கரையும். ஒரு மிளகளவு மாவைப் போட்டுப் பாருங்கள். உடனே சுற்றிலும் நுரை எழும்ப வேண்டும், ஆனால் கறுக்கக் கூடாது. வெப்பமானி இருந்தால் 170 முதல் 180 டிகிரி. வைத்த பிறகு தீயைக் கொஞ்சம் தணிக்கலாம். வைக்கும் நேரத்தில் சூடு இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது கல். சப்பாத்தி போட்ட கல்லில் அடுத்த நாள் தோசை வராது என்பது நம் அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும். டிக்கிக்கும் அதே நியாயம்தான். சோப்புப் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பதம் போன கல் ஒட்டும். தோசைக்கென்று பழகிய வார்ப்பு இரும்புக் கல்லை எடுத்து, காய வைத்து, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் அழுத்தித் தேய்த்து, மறுபடி எண்ணெய் விட்டு ஆரம்பியுங்கள். கனமான கல்லாக இருக்கட்டும். மெல்லிய தகட்டுக் கல் ஆறு டிக்கி வைத்ததும் சூடு இறங்கிப் போகும். நான்ஸ்டிக்கில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் தெருக்கடையில் கிடைக்கும் அந்தத் தடித்த ஓடு அதில் வராது.

எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினாலும் ஒட்டும். இது தோசை மாதிரி நாலு சொட்டில் சுடும் பண்டம் அல்ல. ஐந்தாறு டிக்கிக்கு 4, 5 மேசைக்கரண்டி வேண்டும். டிக்கியின் உயரத்தில் கால் பங்கு எண்ணெயில் நிற்க வேண்டும். நடுவில் குழிந்த கல்லானால் எண்ணெய் முழுக்க நடுவில் தேங்கி, ஓரத்து டிக்கிகள் காய்ந்து ஒட்டும். அப்போது நடுவில் மூன்று மட்டும் வைத்து இரண்டு ஈடாகச் சுடுவதே வழி.

இந்த நான்கும் சரியாக இருந்தும் ஒட்டினால் மாவைச் சந்தேகிக்கலாம். தட்டிய டிக்கியின் இரு பக்கமும் பச்சரிசி மாவில் லேசாகத் தொட்டு, உதறி, வைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். கல்லில் அப்புறமும் ஒட்டினால், முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

பூரணம் வெளியே தள்ளுகிறது

போளிக்கு மூடத் தெரிந்த கைக்கு இது கஷ்டமில்லை. மாவைக் கிண்ணம் செய்யும்போது அடி தடித்து, விளிம்பு மெலிந்து இருக்க வேண்டும். விளிம்பும் அதே கனமாக இருந்தால் கூட்டி மூடும் இடத்தில் கொத்தாக மாவு சேர்ந்து, அடியில் காகிதம் மாதிரி ஆகிவிடும். பூரணம் அந்த வழியாக வரும். கூட்டிய இடத்தைத் திருகி அழுத்தி, அந்தப் பக்கத்தையே முதலில் கல்லில் வையுங்கள். மூடிய வாயின்மேல் முதலில் ஓடு கட்டிவிட்டால் பிறகு திறக்காது.

பூரணத்தை முன்கூட்டியே சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டி வைத்துக்கொண்டால் அளவு மீறாது. 15 கிராம் என்பது பார்க்கக் குறைவாகத்தான் தெரியும். ஆசைக்கு 25 கிராம் வைத்தால் மாவு மெலிந்து பிளக்கும்.

வெங்காயத்தைப் பச்சையாகப் பூரணத்தில் சேர்ப்பது இன்னொரு காரணம். உப்புப் பட்டதும் நீர் விடும், அந்த நீர் கல்லில் ஆவியாகி மூடிய வாயை நெட்டித் தள்ளும். "ஃபட்" என்று வெடித்து எண்ணெய் தெறிப்பதும் அதனால்தான். வடக்கே பருப்பு டிக்கியில் வெங்காயம் பெரும்பாலும் மேலே தூவத்தான் வரும், உள்ளே போகாது. பச்சைப் பட்டாணிப் பூரணம் என்றால் வேக வைத்த பட்டாணியை நசுக்கி, வாணலியில் நீர் சுண்ட வதக்குங்கள். குளிரூட்டிய பட்டாணியில் இந்த வேலை இரு மடங்கு.

பூரணம் சூடாகவும் மாவு ஜில்லென்றும் இருந்தாலும் பிளவு வரும். இரண்டும் ஆறி ஒரே பதத்தில் இருக்கட்டும்.

வெளியே கறுத்துவிட்டது, உள்ளே பூரணம் சூடேறவில்லை

தீ அதிகம் என்பது எளிய பதில். தீயைக் குறைத்தும் கறுத்தால் கிழங்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது. நம் கடைகளுக்கு வரும் சமவெளிக் கிழங்கில் பெரும்பங்கு வடக்கே தை முதல் பங்குனி வரை தோண்டி, குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவது. குளிரில் கிடக்கும் கிழங்கு தன் ஸ்டார்ச்சில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். ஆவணி, புரட்டாசியில் வாங்கும் கிழங்கு சில சமயம் பொரியலிலேயே தித்திப்பது இதனால்தான். சர்க்கரை உள்ள மேற்பரப்பு வேகமாகச் சிவந்து, அதே வேகத்தில் கறுக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: வேக வைக்காத கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். காற்றோட்டமான இருட்டு மூலையில் பத்து நாள் போட்டு வைத்தால் சர்க்கரை ஓரளவு திரும்ப இறங்கும். முளை குத்தினால் கிள்ளிவிட்டுப் பயன்படுத்தலாம். தோலுக்கடியில் பச்சை ஏறியிருந்தால் அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எறியுங்கள், கசந்தால் கிழங்கையே எறியுங்கள். பச்சை ஏறிய கிழங்கில் சேரும் சோலனைன் என்ற நச்சு வேக வைத்தாலும் போகாது.

திருச்சி காந்தி மார்க்கெட்டானாலும் கும்பகோணத்துக்குப் பக்கத்துத் தாராசுரம் மார்க்கெட்டானாலும் கேட்டு வாங்கலாம். விரலால் தேய்த்தாலே தோல் உரிகிற புதுக் கிழங்கு குருமாவுக்கு நல்லது, டிக்கிக்கு அல்ல. அதில் நீர் அதிகம். தோல் முற்றி, கனமாக, கையில் கல் போல் இருக்கும் கிழங்கு வேண்டும். சிப்ஸ் கடைக்காரர்கள் வாங்கும் ரகம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா ரகங்கள் சிப்ஸுக்கென்றே உருவானவை. உலர்பொருள் (நீர் போக மிஞ்சுவது) கூடுதல், சர்க்கரை குறைவு. டிக்கிக்கும் வேண்டியது அதுவேதான்.

கிழங்கு எந்த ரகம் என்று தெரியாதபோது ஒரு சோதனை உண்டு. ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்று கலக்கி, கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, டிக்கிக்கு ஆகும். மிதந்தால் நீர்க் கிழங்கு, சாம்பாருக்கு அனுப்புங்கள்.

எண்ணெயைக் குடித்துத் தள்ளுகிறது

எண்ணெய் காயாதது, மாவில் ஈரம், ரொட்டித் தூள் அதிகம், இந்த மூன்றில் ஒன்று. இவை எதுவும் இல்லையென்றால் ஒரு கேள்வி: ஆப்ப சோடா போட்டீர்களா? போண்டாவுக்குப் போட்ட பழக்கத்தில் ஒரு சிட்டிகை இதிலும் விழுந்துவிடுகிறது. டிக்கி உப்ப வேண்டிய பண்டமே இல்லை. சோடா மாவைப் பஞ்சாக்கும், பஞ்சு எண்ணெயைக் குடிக்கும்.

வாணலியில் முழுக எண்ணெய் ஊற்றிப் பொரித்தாலும் குடிக்கும், சில சமயம் கரைந்தே போகும். முழுகப் பொரிக்க வேண்டுமானால் மைதாக் கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டியாக வேண்டும். அப்புறம் அது நம் பேக்கரி கட்லெட். நல்ல பண்டம்தான், டிக்கி அல்ல.

ரப்பர் மாதிரி இருக்கிறது, கடித்தால் இழுபடுகிறது

மாவு தளர்ந்ததற்குப் பயந்து கார்ன்ஃப்ளவரையோ மைதாவையோ கொட்டியிருக்கிறீர்கள். கிலோ கிழங்குக்கு எல்லா மாவும் சேர்த்து 5, 6 மேசைக்கரண்டியைத் தாண்டினால் கிழங்கின் ருசி போய் மாவின் ருசிதான் நிற்கும். இந்த ஈட்டை மெல்லியதாகத் தட்டி, நிறைய மொறுக விட்டுத் தின்று தீர்க்கலாம்.

மொறுமொறுப்பே வரவில்லை, வந்தாலும் பத்து நிமிடம்தான்

வடக்கே தெருக்கடைக்காரர் செய்வதைக் கவனித்தால் பதில் தெரிந்துவிடும். அவர் டிக்கியை ஒரே மூச்சில் சுட்டு முடிப்பதில்லை. முதலில் இளஞ்சிவப்பாகச் சுட்டு, கல்லின் ஓரத்துக்கு ஒதுக்கி அடுக்கி வைத்திருப்பார். ஆள் வந்து கேட்டதும் நடுவுக்கு இழுத்து, தட்டைக் கரண்டியால் அழுத்தி, நெய் விட்டு, இரண்டாம் முறை சிவக்க விடுவார். ஓரத்தில் காத்திருக்கும் நேரத்தில் உள் ஈரம் மெல்ல வெளியேறும், அழுத்தும்போது ஓடு விரிசல் விட்டுப் புது முகங்கள் எண்ணெயில் படும். அந்தக் கரடுமுரடான மொறுமொறுப்பு அங்கேதான் பிறக்கிறது.

வீட்டிலும் அப்படியே செய்யலாம். முதல் சுற்றில் ஒரு பக்கம் 5, 6 நிமிடம், மறுபக்கம் 4, 5 நிமிடம், வெளிர்ப் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். விருந்தினர் உட்கார்ந்தபின் கல்லைக் காய வைத்து, டிக்கியைத் தோசைத்திருப்பியால் கால் அங்குலம் தாழும்படி அழுத்தி, பக்கத்துக்கு 2 நிமிடம். விளிம்பையும் நிறுத்தி ஒரு சுற்று உருட்டிக் காட்டுங்கள். உள்ளே பூரணம் இருப்பதால் ஒரே அழுத்தாக அழுத்தாமல் இரண்டு மூன்று முறை பதமாக.

பச்சரிசி மாவைக் குறைத்தாலும் மொறுமொறுப்பு குறையும். கார்ன்ஃப்ளவர் பிடிப்புக்கு, அரிசி மாவு மொறுமொறுப்புக்கு. மழைக்காலத்தில் அரிசி மாவை வெறும் வாணலியில் கை பொறுக்கும் சூட்டுக்கு வறுத்து ஆற வைத்துச் சேருங்கள். இடியாப்ப மாவு டப்பாவில் இருந்தால் அதுவே போதும்.

சுட்டதை எதில் வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் சொதசொதவென்று ஆகும். செய்தித்தாளின் மேல் அடுக்கினாலும் அடிப்பக்கம் வியர்க்கும். அச்சு மை வேறு ஒட்டும். மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். காற்று கீழேயும் போக வேண்டும்.

காலையில் தட்டி மாலையில் சுட வேண்டியிருந்தால், தட்டியதை அப்படியே வைக்காமல் முதல் சுற்றுச் சுட்டு, ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். சுடாமல் வைத்த மாவு நீர் விட்டிருக்கும். வேக வைத்த கிழங்கை நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடுவதும் சரியில்லை. லேசாகப் புளித்த வாடை வந்தாலோ தொட்டால் வழவழப்பு தட்டினாலோ மசாலாவால் மறைக்கப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

உப்பு உறைப்பு எல்லாம் இருக்கிறது, ஆனாலும் சப்பென்று இருக்கிறது

புளிப்பு போதவில்லை. ஆம்சூர் என்பது காய்ந்த மாங்காய்ப் பொடி. கிடைக்காத ஊரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பூரணத்தை ஈரமாக்கிவிடுகிறார்கள். அதற்குப் பதில் வீட்டில் இருக்கும் மாங்காய் வற்றலை நன்றாகக் காய வைத்துப் பொடியுங்கள். அதில் உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், ஆகவே பூரணத்துக்குத் தனி உப்பு வேண்டாம்.

சாட் மசாலாவின் அந்த முட்டை வாடை கறுப்பு உப்பிலிருந்து வருவது. நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று கேட்டால் வேறு உப்பு வரும். அதில் அந்த வாடை கிடையாது. "காலா நமக்" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். பொடித்தால் மங்கிய ஊதா நிறத்தில் இருக்கும்.

தயிரும் சட்னியும் ஊற்றியதும் டிக்கி கரைகிறது

கெட்டித் தயிர் என்று நினைத்து ஊற்றுவது பாதி மோராக இருக்கும். 300 மில்லி தயிரை மெல்லிய துணியில் கட்டி அரை மணி தொங்க விட்டு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஜில்லென்று இருக்கட்டும். புளித்த தயிர் டிக்கிக்கு ஆகாது.

இனிப்புச் சட்னி கரண்டியின் முதுகில் படிய வேண்டும். எலுமிச்சை அளவு புளியை ஒன்றரை டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, 120 கிராம் வெல்லம், அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, வறுத்துப் பொடித்த சீரகம், மிளகாய்த்தூள், சிட்டிகை கறுப்பு உப்பு சேர்த்துச் சிறு தீயில் 10, 12 நிமிடம் கொதிக்க விடுங்கள். சூட்டில் கொஞ்சம் நீர்க்கத் தெரியும்போதே இறக்குங்கள், ஆறினால் இறுகும். புதுப் புளியானால் நிறம் வெளுப்பாக வரும். பழம்புளியில்தான் அந்தக் கருஞ்சிவப்பு. வெல்லத்தில் மண் இருக்கும், முதலில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பச்சைச் சட்னியில் புதினாவைவிடக் கொத்தமல்லி மூன்று பங்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் இரண்டு ஐஸ் கட்டி போட்டால் நிறமும் நிற்கும்.

தட்டில் அடுக்கும் வரிசை: முதலில் டிக்கியை நடுவில் விரலால் கீறி இரண்டாகப் பிளந்து, அந்தப் பிளவில் பச்சைச் சட்னி, அதன்மேல் தயிர், தயிருக்கு மேல் இனிப்புச் சட்னி, கடைசியாக வெங்காயமும் ஓமப்பொடியும். ஓரத்து ஓட்டை நனைக்காமல் நடுவில் மட்டும் ஊற்றுங்கள். எல்லாத் தட்டையும் ஒன்றாக அலங்கரித்து வைத்துவிட்டுக் கூப்பிடாதீர்கள்; ஆள் கை கழுவி உட்கார்ந்த பிறகு ஊற்றினால் போதும்.